18 முடியப்போகிற பிள்ளைகள்: சான்று, பாதுகாவலர், வேலை, சொத்து (குமரி மாவட்டம்)

தோவாளைப்பூ

மகனுக்கு வரும் சித்திரையோடு 18 முடிகிறது. அறிவுசார் குறைபாடு 75 சதவீதம் என்று பழைய சான்று. பேச்சு குறைவு, கையெழுத்துப் போட வராது, சொன்னால் புரியும். சிறப்புப் பள்ளியில் அடுத்த வருஷம் இடமில்லை. பாங்கில் மைனர் கணக்கை மாற்றப் போனால் "பாதுகாவலர் சான்று கொண்டுவாங்க" என்கிறார்கள். அவன் அப்பா ரயில்வே பென்ஷன்காரர். அவனுக்கு மேலே ஒரு மகள், நர்சிங் படிக்கிறாள். எதை முதலில் செய்யணும், எதை விடலாம்? விவரம் தெரிந்தவர்கள் வரிசையாகச் சொல்லுங்கள்.

கல்குளத்தான்

முதலில் சான்று. மற்ற எல்லாம் அதில்தான் தொங்குகிறது. 5 வயதுக்கு மேல் கொடுத்த சான்றை 10-லும் 18-லும் புதுப்பிக்க வேண்டும். 18-ல் கொடுப்பது ஆயுளுக்கும் செல்லும். பழைய சான்றை வைத்துக்கொண்டு பாதுகாவலர் மனு போட்டால் அங்கேயே நிறுத்திவிடுவார்கள். ஆன்லைனில் யுடிஐடி (மாற்றுத்திறனாளி அடையாள அட்டை) விண்ணப்பம் போட்டுவிட்டு, ஆசாரிபள்ளம் மெடிக்கல் காலேஜில் மதிப்பீட்டுக்கு எந்தக் கிழமை வரணும் என்று விசாரித்துக்கொண்டு போங்கள்.

மதிப்பீட்டில் ஐ.க்யூ. சோதனையோடு, பிள்ளை தினசரி வாழ்க்கையில் என்ன செய்கிறான் என்று உங்களிடமும் கேள்வி கேட்பார்கள். லேசானது என்றால் 50, மிதமானது 75, கடுமையானது 90, அதற்கும் மேல் 100 சதவீதம். பெற்றோர் தவறுகிற இடம் இந்தக் கேள்விகள்தான். "தானே குளிப்பானா?" என்றால் பெருமையாக "குளிப்பான்" என்று சொல்லிவிடுகிறோம். வெந்நீர் விளாவி வைத்து, சோப்பைக் கையில் கொடுத்து, "முதுகு, கால்" என்று வெளியே நின்று சொன்னால்தான் குளிப்பான் என்றால் அதை அப்படியே சொல்லுங்கள். கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். சதவீதம் ஒரு படி இறங்கினால் பின்னால் உதவித்தொகையிலிருந்து வருமான வரி வரைக்கும் அடி விழலாம். கார்டில் 40 முதல் 79 வரை மஞ்சள் பட்டை, 80-க்கு மேல் நீலம்.

அதற்கு முன்னாடி பெயரைச் சரிபாருங்கள். நம்ம ஊரில் ஞானஸ்நானப் பெயர் ஒரு தாளில், வீட்டில் கூப்பிடும் பெயர் ஒரு தாளில், இனிஷியல் முன்னே ஒன்றில் பின்னே ஒன்றில். ஆதார், பிறப்புச் சான்று, ரேஷன் கார்டு மூன்றும் ஒத்துப்போகணும். 15 வயதில் செய்யவேண்டிய ஆதார் கைரேகைப் புதுப்பிப்பை விட்டிருந்தால் அதையும் இப்போதே முடியுங்கள். இல்லாவிட்டால் பாங்கில் விரல் வைத்தால் ஏறாது.

வில்லுக்குறி

திருவனந்தபுரத்தில்தான் சின்ன வயதிலிருந்தே பார்க்கிறோம். அங்கேயே சான்று வாங்கினால் செல்லாதா?

கல்குளத்தான்

சிகிச்சை பெறும் அரசு மருத்துவமனையிலும் கேட்கலாம் என்று விதி இருக்கிறது. ஆனால் உதவித்தொகையும் பாதுகாவலர் மனுவும் நாகர்கோவில் கலெக்டர் ஆபீசில்தான் நடக்கப்போகிறது. குமரி முகவரிக்கு இங்கேயே வாங்குவது லேசு. அங்குள்ள ரிப்போர்ட்டுகளை ஃபைலாகக் கட்டி எடுத்துப்போங்கள், பழைய மதிப்பீடு இருந்தால் டாக்டருக்கும் வேலை குறையும்.

அடுத்தது பாதுகாவலர். 18 வரை பெற்றோர்தான் பாதுகாவலர். 18 முடிந்த மறுநாள் சட்டத்தின் கண்ணில் அவன் தனி ஆள், உங்கள் கையெழுத்து அவனுக்குச் செல்லாது. அறிவுசார் குறைபாடு, ஆட்டிசம், மூளை முடக்குவாதம், பல்வகைக் குறைபாடு என்ற நான்குக்கும் 1999 தேசிய அறக்கட்டளைச் சட்டத்தில் வழி இருக்கிறது. கலெக்டர் தலைமையில் உள்ளூர் குழு, அதில் பதிவுபெற்ற தொண்டு நிறுவனப் பிரதிநிதி ஒருவர், மாற்றுத்திறனாளி ஒருவர். கோர்ட்டுக்குப் போகவேண்டாம். அந்தக் குழு கொடுக்கும் சான்றைப் பாங்குகள் ஏற்கலாம் என்று ரிசர்வ் வங்கி 2007-லேயே சுற்றறிக்கை விட்டிருக்கிறது. கிளையில் தெரியாது என்றால் அதன் நகலை நீட்டுங்கள்.

முப்பந்தல் காற்று

எல்லாருக்கும் பாதுகாவலர் சான்று எடு எடு என்று சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை அண்ணாச்சி. குழு முதலில் பார்க்கவேண்டிய கேள்வியே இவருக்குப் பாதுகாவலர் தேவையா, தேவையென்றால் எந்தக் காரியத்துக்கு என்பதுதான். அது 1999 சட்டத்தின் 14-ஆம் பிரிவிலேயே எழுதியிருக்கிறது. 2016 மாற்றுத்திறனாளர் உரிமைச் சட்டமும் அவர்களுக்கு மற்றவர்களைப் போலவே சட்டத் தகுதி உண்டு என்றுதான் சொல்கிறது. 50 சதவீதம் உள்ள பையன் கடையில் நிற்கிறான், சில்லறை எண்ணுகிறான், கையெழுத்துப் போடுகிறான். அவனுக்கு எதற்குப் பாதுகாவலர்? கூட்டுக் கணக்கு போதும். சான்று எடுத்தால் நாளைக்கு அவன் சம்பளத்தைப் பற்றிக்கூட அவனிடம் கேட்கமாட்டார்கள்.

கல்குளத்தான்

50-க்காரருக்கு நீங்கள் சொல்வது சரி. தோவாளைக்காரி மகனுக்குப் பேச்சு குறைவு, கையெழுத்து இல்லை, அப்பாவின் பென்ஷன் பின்னால் அவன் பெயருக்கு வரப்போகிறது. அங்கே பாதுகாவலர் இல்லாமல் நகராது.

மனுவோடு போகவேண்டியவை: ஊனச் சான்று, வயதுச் சான்று, முகவரிச் சான்று, பாதுகாவலராக வருபவரின் அடையாளச் சான்று, இருவர் போட்டோ. அப்பா அம்மா சேர்ந்தே மனு போடலாம். தங்களுக்குப் பதிலாக வேறொருவரைப் பெற்றோரே முன்மொழியவும் செய்யலாம். இருவரில் ஒருவர் மட்டும் போட்டால் மற்றவரின் சம்மதக் கடிதம் கேட்பார்கள். அப்பா கல்ஃபில் இருந்தால் அவர் லீவுக்கு வரும் மாதத்தைப் பார்த்துப் போடுங்கள், இல்லையென்றால் குழு கூடுகிற நாள் கைநழுவும். பெண்பிள்ளைக்குத் தனி ஆணைப் பாதுகாவலராகப் போடமாட்டார்கள். சித்தப்பா, மாமா என்றால் மனைவியோடு சேர்த்துத்தான், அதிலும் மனைவிக்கே முதல் பொறுப்பு.

சான்று கையில் வந்தபிறகு எல்லாரும் மறப்பது ஒன்று. நியமனம் ஆன 6 மாதத்துக்குள் பிள்ளையின் சொத்து, கடன், வரவேண்டியது எல்லாம் எழுதிக் கொடுக்கணும். பிறகு ஒவ்வொரு நிதியாண்டும் முடிந்த 3 மாதத்துக்குள், அதாவது ஜூன் கடைசிக்குள், கணக்குக் கொடுக்கணும். மாதம் 2,000 ரூபாய் உதவித்தொகை மட்டும்தான் வரவு என்றாலும் ஒரு பக்கக் கணக்கு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பாஸ்புக் நகலும் மருந்துக்கடை ரசீதும் போதும்.

அந்த 2,000 பராமரிப்பு உதவித்தொகை 2023 ஜனவரியிலிருந்து (முன்பு 1,500). கலெக்டர் ஆபீஸ் வளாகத்தில் மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் மனு. தாலுகா ஆபீசில் வேறு மாத உதவித்தொகை வாங்கிக்கொண்டிருந்தால் இரண்டில் ஒன்றுதான்.

பென்ஷன் பேப்பர்

தோவாளைப்பூ அக்கா, ரயில்வே விஷயம். அப்பா இருக்கும்போதே பென்ஷன் ஆணையில் மகன் பெயரை "ஆயுள் முழுதும் குடும்ப ஓய்வூதியம் பெறத் தகுதியுள்ள மாற்றுத்திறனாளி மகன்" என்று சேர்க்கச் சொல்லுங்கள். அவருக்குப்பின் முதலில் உங்களுக்கு, அதன்பின் 25 வயதாகாத பிள்ளைகளுக்கு, பிறகு இவனுக்கு ஆயுளுக்கும். அப்பா இருக்கும்போது எழுதினால் ஒரு மனு. இருவரும் போனபிறகு அவன் அக்கா எழுதினால் அவள் ஒவ்வொரு தாளையும் தேடித்தேடி அலையணும். சான்று நிரந்தரம் என்றிருந்தால் ஒருமுறை கொடுத்தால் போதும். தற்காலிகம் என்றால் 5 வருஷத்துக்கு ஒருமுறை கேட்பார்கள்.

"வேலை செய்து சம்பாதித்தால் பென்ஷன் போய்விடும்" என்று பயந்து பிள்ளையை வீட்டிலேயே உட்கார வைக்கிறவர்கள் நிறைய. மத்திய அரசில் 2021-ல் மாற்றிய விதிப்படி, பிள்ளையின் மற்ற வருமானம், அவனுக்கு வரக்கூடிய சாதாரண குடும்ப ஓய்வூதியத்தைவிட (கடைசி அடிப்படைச் சம்பளத்தில் 30 சதவீதமும் அதற்கான அகவிலை நிவாரணமும்) குறைவாக இருந்தால் தகுதி போகாது. சிப்ஸ் பாக்கெட் போட்டுச் சம்பாதிப்பதால் எதுவும் கெடாது, தைரியமாக அனுப்புங்கள்.

முந்திரி ஆலை, தோட்டம், தனியார் கம்பெனி என்று பி.எஃப். பிடித்தவர்களும் கவனியுங்கள். 1995 ஓய்வூதியத் திட்டத்தில் நிரந்தரமாக முழு ஊனமுற்ற பிள்ளைக்கு வயது வரம்பில்லாமல் மாத ஓய்வூதியம் உண்டு. அண்டியாபீசில் (முந்திரி ஆலையில்) வேலை பார்க்கும் எத்தனையோ அம்மாமார் இதைக் கேட்பதே இல்லை.

தோவாளைப்பூ

கொள்ளாம், தாள் வேலை பிடிகிட்டுது. ஆனா பகல் முழுக்க அவன் என்ன செய்வான்? அதுதான் எனக்குப் பெரிய கவலை.

சங்குத்துறை

இங்கே கிடைக்கிற வேலையைப் பிரித்துப் பார்க்கணும். முந்திரியில் தோடு உடைக்கிற இடம் வேண்டவே வேண்டாம். தோட்டு எண்ணெய் தோலைப் பொசுக்கும். பருப்பில் தொலி எடுப்பது, முழுசு உடைசல் பிரிப்பது செய்யலாம். ரப்பர் ஷீட்டில் ஃபார்மிக் ஆசிட் இருக்கிற பக்கம் கூடாது. உலர்ந்த ஷீட்டை மடக்கி அடுக்கலாம். தோவாளை பூக்கட்டு விரல் வேகம் கேட்கும், எல்லாருக்கும் வராது. ஆனால் பூ தரம் பிரிப்பது வரும்.

ஏத்தங்காய் சிப்ஸ் பாக்கெட் நல்ல வேலை, ஓணத்துக்கு முன்னாடி ஆள் கிடைக்காமல் தேடுவார்கள். அதை எப்படிப் பழக்குவது என்று மட்டும் விரிவாகச் சொல்கிறேன்.

100 கிராம் நிறுக்க டிஜிட்டல் தராசு கொடுக்காதீர்கள். எண் 97, 102, 99 என்று ஆடிக்கொண்டே இருக்கும், பிள்ளை அதைப் பார்த்தே உறைந்துபோவான். இரண்டு தட்டுத் தராசு வையுங்கள். ஒரு தட்டில் 100 கிராம் கல்லும் ஒரு காலிக் கவரும். மறு தட்டில் இவன் நிரப்பும் கவர். "இரண்டும் ஒரே உயரம்" என்பதுதான் அவன் கற்கவேண்டிய ஒரே விஷயம். மேற்பார்வையாளர் பத்துக்கு ஒன்றை டிஜிட்டலில் போட்டுப் பார்த்தால் எடை தப்பாது.

சிப்ஸ் முழுக்க ஆறியிருக்கணும். சூட்டோடு அடைத்தால் உள்ளே வேர்த்து மறுநாள் நமுத்துவிடும். கவர் வாயில் எண்ணெய் பட்டால் சீல் ஒட்டாது, அதனால் அகன்ற புனல் வைத்து நிரப்பவேண்டும். கவரில் மேலிருந்து இரண்டு விரல் கீழே மார்க்கர் கோடு போட்டுக் கொடுங்கள், கோட்டில்தான் சீல். மிஷினின் சூட்டுத் திருகை நீங்கள் ஒருமுறை சரிபார்த்து டேப் ஒட்டிவிடுங்கள். கூடினால் கவர் உருகும், குறைந்தால் பிரியும். அவன் கை அதில் போகக்கூடாது.

கற்பிக்கும்போது கடைசிப் படியிலிருந்து தொடங்குங்கள். முதல் வாரம் எல்லாம் நீங்கள் செய்து, சீல் வைத்த பாக்கெட்டைப் பெட்டியில் அடுக்குவது மட்டும் அவன். அடுத்து சீல் வைப்பதும் அடுக்குவதும். பிறகு நிறுப்பது. இப்படிப் பின்னாலிருந்து வந்தால் ஒவ்வொரு தடவையும் அவன் கையால் வேலை முடிகிறது. முன்னாலிருந்து தொடங்கினால் பாதியில் உங்களிடம் கொடுத்துவிட்டுப் போகிற பழக்கம் வந்துவிடும்.

ரொம்ப முக்கியம்: சொல்லிவிட்டு உடனே கையைப் பிடிக்காதீர்கள். மனசுக்குள் பத்து வரை எண்ணுங்கள். நம்மில் பாதிப்பேர் ஒரு நொடிகூடப் பொறுப்பதில்லை, அதனால் பிள்ளை நம் கையைப் பார்த்தே நிற்கப் பழகிவிடுகிறான். முதலில் கைமேல் கை, பிறகு முழங்கையில் ஒரு தொடு, பிறகு விரல் காட்டுவது, பிறகு சும்மா நிற்பது. வாயால் சொல்லிச் சொல்லிப் பழக்குவதைத் தவிருங்கள், குரலை எடுப்பது கையை எடுப்பதைவிடக் கஷ்டம்.

வீட்டிலேயே செய்து விற்பதானால் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு வேண்டும். சின்ன வியாபாரம் என்றால் பதிவு மட்டும் போதும். "பயிற்சி" என்ற பெயரில் வருஷக்கணக்கில் சம்பளமில்லாமல் வேலை வாங்குகிற இடங்களுக்கு அனுப்பாதீர்கள். இது என் உறுதியான கருத்து. தொகை சின்னதானாலும் அவன் கையில் வரணும்.

முப்பந்தல் காற்று

வந்த காசைச் செலவழிக்கவும் பழக்கணும். மீதிச் சில்லறைக் கணக்கு வராதவர்களுக்கு ஒரு வழி: பத்து ரூபாய் நோட்டு மட்டும் பர்ஸில். கடைக்காரர் 37 என்றால் முப்பதுக்கு மூன்று நோட்டு எண்ணி "ஒன்று கூட" சேர்த்து நாலு கொடுப்பது. கழித்தல் தெரியவேண்டாம். போன் பே வேண்டுமென்றால் தனிக் கணக்கு, அதில் 500 ரூபாய்க்கு மேல் வைக்காதீர்கள். பெரிய பணம் உள்ள கணக்கில் இணைத்தால் ஒரே போன்காலில் துடைத்துவிடுவார்கள்.

பஸ்ஸில் போகப் பழக்குவதானால் நாகர்கோவிலில் ஒரு சிக்கல். சில வண்டி அண்ணா பஸ் நிலையத்தோடு முடியும், சிலது வடசேரி போகும். பிள்ளை ஒன்றைத்தான் பழகியிருப்பான். இரண்டிலும் இறங்கி "பாதுகாப்பான கடை" ஒன்றைக் காட்டி வையுங்கள், கடைக்காரரிடமும் சொல்லி வையுங்கள். மழை நாளிலும் ஒரு தடவை பழக்கணும், குடைக்கூட்டத்தில் போர்டு தெரியாது. சாதாரண டவுன் பஸ்ஸில் மாற்றுத்திறனாளிக்கும் துணைக்கு வருபவருக்கும் டிக்கெட் கிடையாது, அட்டை மட்டும் கையில் இருக்கணும்.

தேங்காப்பட்டணம் நர்ஸ்

உடம்பு விஷயத்தில் நான்கு வார்த்தை.

வலிப்பு மாத்திரை சாப்பிடுகிறவர்களைக் குளத்திலும் சானலிலும் தனியாகக் குளிக்க விடவே கூடாது, கூட நீந்தத் தெரிந்த ஆள் இருக்கணும். நம்ம மாவட்டத்தில் இதைச் சொல்லாமல் முடியாது. வீட்டுக் குளிமுறியில் உள்தாழ்ப்பாளைக் கழற்றிவிட்டு, கதவில் "ஆள் இருக்கு" பலகை தொங்கவிடுங்கள். மானமும் காக்கலாம், உயிரும் காக்கலாம். வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வைத்து நேரம் பாருங்கள். 5 நிமிஷம் தாண்டினால் ஆஸ்பத்திரி. கையில் சாவி கொடுப்பது, வாயில் கரண்டி வைப்பது இரண்டும் வேண்டாம். ஃபெனிட்டோயின் சாப்பிடுகிறவர்களுக்கு ஈறு வீங்கி வளரும். பல் டாக்டரிடம் மருந்துப் பெயரைச் சொல்லுங்கள்.

டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களுக்கு வருஷம் ஒருமுறை தைராய்டு, காது, கண் பார்க்கணும். 40-ஐ ஒட்டி மறதி தொடங்கினால் "பிடிவாதம்" என்று விட்டுவிடாதீர்கள். அவர்களுக்கு மறதி நோய் சீக்கிரம் வரும்.

திடீரென்று அடிக்கிறான், தலையை முட்டுகிறான் என்றால் மனநல மாத்திரை கேட்குமுன் மலச்சிக்கல், பல்வலி, காதில் அழுக்கு மூன்றையும் பாருங்கள். சொல்லத் தெரியாத வலிதான் பாதி "முரட்டுத்தனம்".

பெண்பிள்ளைகளுக்கு மாதவிடாய் தொடங்குமுன்பே பேடை உள்ளாடையில் வைத்துப் பழக்குங்கள். வெறும் பேடைக் காட்டாமல் சிவப்புச் சாயம் தொட்ட பேடை எடுத்து மாற்றிக் காட்டணும், அப்போதுதான் எப்போது மாற்றுவது என்று புரியும். "கர்ப்பப்பையை எடுத்துவிடலாம்" என்று யோசனை சொல்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். சுத்தத்துக்காகச் செய்யும் ஆபரேஷன் அது அல்ல, துன்புறுத்தலிலிருந்து அது காப்பாற்றவும் செய்யாது. நடந்தது வெளியே தெரியாமல் போக வழி செய்யும்.

எல்லாரையும் கட்டிப்பிடிக்கும் பழக்கம் 5 வயதில் அழகு, 18-ல் ஆணானாலும் பெண்ணானாலும் ஆபத்து. 10 வயதிலேயே கும்பிடுவதற்கு மாற்றிவிடுங்கள். தன் உடம்பைத் தொடுவது பற்றி அடிக்காதீர்கள், திட்டாதீர்கள்: "உன் முறியில், கதவு சாத்தி" என்ற ஒரே விதி, ஒவ்வொரு தடவையும் அதே சொல்லில். யாராவது பிள்ளையிடம் தப்பாக நடந்துவிட்டால், பாதிக்கப்பட்டவரின் வாக்குமூலத்தை வீட்டிலோ வசதியான இடத்திலோ சிறப்பு ஆசிரியர் துணையோடு வீடியோவில் பதிவு செய்யச் சட்டம் இடம் தருகிறது. ஸ்டேஷனில் அதைக் கேட்டு வாங்குங்கள்.

தேசிய அறக்கட்டளையின் நிரமயா மருத்துவ இன்ஷூரன்ஸ் எடுத்தாச்சா? வருஷம் 1 லட்சம் வரை, மருத்துவப் பரிசோதனை கேட்காமல் சேர்ப்பார்கள், ஓ.பி., தெரபி செலவுக்கும் உள்வரம்போடு கிடைக்கும். முதலமைச்சர் காப்பீடு படுத்துப் பார்க்கும் சிகிச்சைக்கு. அதனால் இரண்டும் வேண்டும்.

மட்டிக்குலை

சொத்து. பாசத்தில் பிள்ளை பெயரிலேயே நேரடியாக எழுதி வைப்பவர்கள் அதிகம். அவனால் விற்கவோ அடமானம் வைக்கவோ முடியாது. அவன் சிகிச்சைக்கே பணம் வேண்டியிருந்தாலும் பாதுகாவலர் அனுமதி வாங்க அலையணும். அதற்குப் பதில் உயில் எழுதி, அதில் ஒரு தனியார் அறக்கட்டளை அமையும்படி செய்யுங்கள். பயனாளி மகன், அறங்காவலர் இரண்டு மூன்று பேர், ஒருவர் குடும்பத்துக்கு வெளியே. மாதம் என்னென்ன செலவுக்கு எடுக்கலாம் என்று எழுதணும். அவன் காலத்துக்குப்பின் மிச்சம் யாருக்கு என்பதையும் எழுதணும். அந்த மிச்சம் அவனைப் பார்த்துக்கொள்கிறவருக்கே என்று எழுதிவிடாதீர்கள். செலவைக் குறைத்தால் தனக்கு லாபம் என்ற நிலை யாருக்கும் நல்லதில்லை. வீடு ஒன்றுதான் இருக்கிறது என்றால் மகனுக்கு ஆயுட்கால அனுபவ பாத்தியதை, அவனுக்குப்பின் மகளுக்கு என்று எழுதுவது லேசு.

உயிலுக்கு இரண்டு சாட்சி, பயன் பெறுகிறவர் சாட்சியாக வேண்டாம். பதிவு கட்டாயமில்லை, ஆனால் சார்பதிவாளர் ஆபீசில் பதிந்துவிட்டால் பின்னால் சண்டை குறையும். உயிரோடிருக்கும் வரை மாற்றிக்கொள்ளலாம்.

விளவங்கோடு பக்கம் கிறிஸ்தவ வீடுகளில் "பெண்ணுக்குச் சீதனம்தான், பங்கு கிடையாது" என்ற பழைய திருவிதாங்கூர் பேச்சு இன்னும் இருக்கிறது. உச்ச நீதிமன்றத்தின் 1986 மேரி ராய் தீர்ப்போடு அது முடிந்தது. உயில் இல்லாவிட்டால் மகளுக்கும் மகனுக்கும் சமபங்கு, மகளுக்கு அறிவுசார் குறைபாடு இருந்தாலும் அதே. இந்துக்களுக்கும் ஊனத்தைக் காரணம் காட்டிப் பங்கு மறுக்க முடியாது.

தோவாளைப்பூ

மகளையே அடுத்த பாதுகாவலராகப் போடலாமா? அவள் படித்து வெளிநாடு போகிற ஆசையில் இருக்கிறாள்.

கல்குளத்தான்

அவளிடம் கேளுங்கள். கேட்காமல் தலையில் கட்டாதீர்கள். கையெழுத்துப் போடுகிறவரும் தினசரி பார்த்துக்கொள்கிறவரும் ஒரே ஆளாக இருக்கணும் என்றில்லை. ஆனால் பாதுகாவலர் மாவட்டத்துக்கு அருகே இருப்பதைத்தான் குழு விரும்பும். வெளிநாடு என்றால் அவள் அறங்காவலராக இருக்கட்டும், பாதுகாவலராக ஊரில் இருக்கும் ஒரு சித்தி. தங்குமிடம் வேண்டியிருந்தால் தேசிய அறக்கட்டளையின் சமர்த், கரௌண்டா என்ற தங்குமிடத் திட்டங்களில் பதிவு உள்ள இல்லமா என்று பார்த்து, நீங்கள் இருக்கும்போதே சில நாள் தங்க வைத்துப் பழக்குங்கள். அம்மா போன மறுநாள் புது இடம், புது ஆள், புதுச் சாப்பாடு என்றால் எந்தப் பிள்ளையும் தாங்காது.

ஒரு நோட்டும் எழுதி வையுங்கள். மருந்துப் பெயர், அளவு, நேரம் முதல் பக்கம். பிறகு "மீன்முள் எடுத்துக் கொடுக்கணும்", "மிக்ஸி சத்தத்துக்குக் காதைப் பொத்துவான், முன்கூட்டிச் சொன்னால் பொறுப்பான்", "தலையை ஆட்டினால் சரி என்று அர்த்தமில்லை, கையைப் பிடித்தால்தான் சரி" இந்த மாதிரி. ஓணத்துக்கு ஓணம் திருத்துங்கள்.

வில்லுக்குறி

கடைசியா ஒன்று. ஓட்டுரிமை உண்டா? ரயில் சலுகைக்கு எங்கே போகணும்?

பென்ஷன் பேப்பர்

ஓட்டு உண்டு. கோர்ட் தகுதியில்லை என்று அறிவித்திருந்தால் மட்டும்தான் பட்டியலில் பெயர் சேராது. 18 ஆனதும் படிவம் 6 போடுங்கள்.

ரயிலில் துணையில்லாமல் போக முடியாதவர்களுக்கு ஸ்லீப்பரிலும் தேர்டு ஏசியிலும் 75 சதவீதச் சலுகை, கூட வருபவருக்கும் அதே. அதற்கான ரயில்வே அட்டைக்குத் தனியாக மனு போடணும். நாகர்கோவில், இரணியல், குழித்துறை எல்லாம் திருவனந்தபுரம் கோட்டம், மதுரைக்குப் போய் நிற்காதீர்கள். அரசு டாக்டர் கையெழுத்திட்ட சலுகைச் சான்றில் "துணையின்றிப் பயணிக்க இயலாது" என்ற வரி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கொடுங்கள்.